போய்ப் பார்த்துவிட்டுச் சொன்ன செல்வமணி டீச்சர்

செல்வமணி டீச்சர் காலமான செய்தி எனக்குப் பாசிர் பெனம்பாங் மீன் கடையில் கிடைத்தது. சனிக்கிழமை காலை. அரைக் கிலோ கெம்போங் மீனும் கொஞ்சம் இறாலும் வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். பின்னாலிருந்து யாரோ “சார்” என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் சுமித்ரா. ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை மீன் செதில், ஈரம் சொட்டும் ஏப்ரன். பக்கத்து வரிசைக் கடையில் மீன் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. அவள் அங்கே இருக்கிறாள் என்பதாலேயே பல வருடங்களாக அந்த வரிசைப் பக்கம் போகாமல் இருந்தவன் நான். அவளாக என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் முறை.

“டீச்சர் போயிட்டாங்க சார். இன்னிக்கு விடியக்காலையில. ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?”

கைப்பேசி காரிலேயே கிடந்தது. யாராவது சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. எந்த டீச்சர் என்று நான் கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன். சுமித்ராவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். புதன்கிழமைகூட டீச்சர் கடைக்கு வந்ததாகவும், அவளுடைய தங்கையின் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு முடிவைக் கேட்டுவிட்டு, முடிவுத்தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போனாள். நான் காரில் ஏறி, மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் இரண்டு வார்த்தை பேசும்படி கோயில் நிர்வாகத்தினர் என்னைக் கேட்டார்கள். பேச வராது, எழுதித் தருகிறேன், அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள் என்றேன். முப்பது வருடம் வகுப்பறையில் வாய் ஓயாமல் கத்திய கணக்கு வாத்தியாருக்குப் பேச வராதா என்று தலைவர் சிரித்தார். இதைப் படித்து முடிக்கும்போது அவருக்கும் உங்களுக்கும் காரணம் புரியும்.

டீச்சரைத் தெரியாதவர் கோலசிலாங்கூரில் குறைவு. எங்கள் இடைநிலைப்பள்ளியில் அவர் ஆலோசக ஆசிரியர். ஆசிரியர் அறையில் அவர் மேசையும் என் மேசையும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. குரல் பெரிது. கோபம் அதைவிடப் பெரிது. இஞ்சி மிட்டாய் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. யாரையாவது திட்டுவதற்கு முன் அதைக் கன்னத்தின் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்வார், அதை வைத்தே நாங்கள் உஷாராகிவிடுவோம். ஈஜோக் சாலையில் ஒருமுறை காரை மாட்டின் மேல் விட்டதிலிருந்து வண்டி ஓட்டுவதில்லை. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்குத்தான் நஷ்டம் என்று தானே சொல்லிச் சிரிப்பார். அதன் பிறகு எங்கே போவதானாலும் பஸ்தான்.

எங்கள் கோயில் மண்டபத்தில் வருடா வருடம் நடக்கும் பாராட்டு விழாவை நீங்கள் அறிவீர்கள். எஸ்.பி.எம். தேர்வில் ஏழு ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, கேடயம் கொடுப்போம். எட்டு ஏ, ஒன்பது ஏ என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் கைதட்டியவன்தான். ஒரு வருடம் விழா நடந்துகொண்டிருக்கும்போது டீச்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். செருப்பு அடுக்கும் இடத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் எங்கள் பள்ளிதான். கல்லூரிகள் கேட்கும் கிரெடிட் என்ற நல்ல தேர்ச்சி மூன்றோ நான்கோ பாடத்தில்தான், கணக்கில் டி, வரலாற்றில் ஈ. அண்ணனுக்கோ சிநேகிதிக்கோ மாலை போடுவதைப் பார்க்க அப்பா அம்மாவோடு வந்தவர்கள். உள்ளே உட்காரக் கூசி வெளியே நின்றார்கள். “உள்ள இருக்கறவங்களுக்கு வழி தெரியும் சார். இதுங்களுக்கு யாரு சொல்லுவா?” என்றார்.

அடுத்த விழாவில் இவர்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டார். நேரம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். டீச்சர் சண்டை போடவில்லை. அன்னதானக் கூடத்திலிருந்து ஒரு மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து செருப்பு அடுக்கின் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். சரி, தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அந்த மேசை பல வருடம் ஓடியது. மேடையில் மாலை விழுந்துகொண்டிருக்கும், இங்கே நாங்கள் செருப்பு வாசனையில் உட்கார்ந்து, எந்தச் சமூகக் கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் கேட்கிறார்கள், எந்தத் தொழில்திறன் கழகத்தில் தங்கும் விடுதி உண்டு என்று பேசிக்கொண்டிருப்போம்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. தான் போய்ப் பார்க்காத இடத்துக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்புவதில்லை. சனிக்கிழமையானால் பையில் தண்ணீர் போத்தலும் இஞ்சி மிட்டாயும் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பெயர் கேள்விப்படாத கல்லூரிகள். கடைவீட்டு மாடியில் இரண்டு தளம் வாடகைக்கு எடுத்து நடத்துவது, நெல்வயலுக்கு நடுவில் அரசாங்கம் கட்டி வைத்தது என்று எல்லாவற்றையும் பார்ப்பார். அலுவலகத்துக்குப் போகமாட்டார். நேரே கேண்டீனுக்குப் போய் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு வாங்கி, பக்கத்தில் சாப்பிடும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுப்பார். இந்த வாரம் எத்தனை வகுப்பு ரத்தாச்சு? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பார். பிறகு, அங்கே படித்து முடித்த ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் வேலை செய்யும் இடத்துக்கே போவார்.

“சேத்துவிடறது யாரு வேணும்னாலும் செய்யலாம் சார். அங்க எல்லாரையும் எடுத்துக்குவாங்க. முடிச்சி வெளிய வர்றாங்களான்னுதான் பாக்கணும்.”

இதை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. எங்களோடு மேசையில் உட்கார வந்த ஓர் இளம் ஆசிரியை, ஏதோ ஒரு கல்லூரியைப் பற்றி “நல்லா இருக்கும்னு சொன்னாங்க டீச்சர்” என்று சொல்லி மாட்டிக்கொண்டார். மிட்டாய் கன்னத்துக்குப் போனது. “பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லிட்டுப் போம்மா. அதுல என்ன வெக்கம்?” அந்த ஆசிரியையின் முகம் சுருங்கியதைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது எனக்கு ஞாபகம் வருகிறது.

டீச்சர் எப்போதும் சரியாகத்தான் சொன்னார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவரே அதை ஒப்புக்கொள்ளமாட்டார். தினேஷ் என்று ஒருவன். சுமாரான முடிவு. வண்டி பழுதுபார்க்கும் படிப்பு ஒன்றுக்கு டீச்சர் அவனை அனுப்பப் பார்த்தார். அவனுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகப் படிவம் ஆறு படிக்க ஆசை. இவனால் முடியாது, ஒரு வருடத்தில் நின்றுவிடுவான் என்றார் டீச்சர். முடியும், விடுங்கள் என்றேன் நான். அன்று மேசையிலேயே இருவரும் சத்தமாகச் சண்டை போட்டோம். நம் பிள்ளைகளை நாமே கீழ்த்தட்டில் அடுக்கி வைக்கிறோம் என்று நான் சொன்னது அவருக்கு நன்றாகச் சுட்டது. தினேஷ் படிவம் ஆறுக்குப் போனான். இன்று கிள்ளானில் வழக்கறிஞர். கல்யாணப் பத்திரிகையோடு பள்ளிக்கு வந்தவன் முதல் பத்திரிகையை டீச்சரிடம்தான் கொடுத்தான். டீச்சர் எழுந்து நின்று, “ஒன்ன நான் கொறச்சி எடை போட்டுட்டேன்பா” என்றார், ஆசிரியர் அறையில் அத்தனை பேர் காதிலும் விழும்படி. அவன் போன பிறகு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். இதற்கு முன் தான் அனுப்பியவர்களில் இவனைப் போல எத்தனை பேர் இருந்தார்களோ என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கு ஜெயித்த குஷி. அந்தக் குஷி தலைக்கு ஏறிவிட்டது.

அதற்கடுத்த வருடம்தான் சுமித்ரா மேசைக்கு வந்தாள். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம். அப்பா முனியாண்டி எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுபவர், இன்றும் தொழிலாளர்களின் அந்த லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார்கள். சுமித்ராவுக்குக் கிரெடிட் மூன்று, மற்றவை வெறும் தேர்ச்சி. பாலர் பள்ளி ஆசிரியை ஆக வேண்டும் என்பது ஆசை. தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள் என்று முனியாண்டி பெருமையாகச் சொன்னார். டீச்சர் கிள்ளானில் ஒரு சின்ன இடத்தைச் சொன்னார். ஒரு வருடச் சான்றிதழ், பெயரில்லாத இடம், ஆனால் அங்கே படித்த நான்கு பேரை அவர் பாலர் பள்ளிகளில் போய்ப் பார்த்திருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. கோலாலம்பூருக்குத் தெற்கே ஒரு தனியார் கல்லூரி ஆசிரியர்களை ஹோட்டலுக்கு அழைத்து விருந்து போட்டிருந்தது. நானும் போய்ச் சாப்பிட்டு, அவர்கள் கொடுத்த குடையையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். டிப்ளோமா. வழவழவென்று புரோஷர், பட்டமளிப்பு அங்கியில் பிள்ளைகள் தொப்பியைத் தூக்கி எறியும் படம். மூன்று கிரெடிட் போதும் என்றார்கள். சுமித்ராவுக்கு ஏன் இது கூடாது என்று கேட்டேன். தினேஷ் விஷயத்தையும் ஒருமுறை இழுத்தேன்.

அதற்குள் டீச்சர் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டோடு இருந்தார். கல்லூரியில் சேருவதற்கு ஒரு வாரம்தான் அவகாசம். “எனக்கு நடக்க முடியல. நீங்க போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க சார். நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி” என்றார்.

சனிக்கிழமை ராசா என்ற ஊரில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். காலை முகூர்த்தத்தை முடித்துக்கொண்டு அப்படியே கோலாலம்பூர் இறங்கிக் கல்லூரியைப் பார்த்துவிடலாம் என்பது என் திட்டம். கல்யாணத்தில் பழைய சிநேகிதர்கள் பிடித்துக்கொண்டார்கள். பந்தி, பேச்சு, பிறகு மழை. அந்த மழையில் அவ்வளவு தூரம் ஓட்டச் சோம்பல்பட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனபோது, போகவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, என்னைப் பார்த்ததும், “வாங்க சார், எப்படி இருந்துச்சி?” என்றார். நல்லா இருந்துச்சி என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்தான் சொல்ல நினைத்தேன். அவர் விடவில்லை, கேட்டுக்கொண்டே போனார். வகுப்பில் எத்தனை பேர் என்றார், முப்பது என்றேன். கழிவறை என்றார், சுத்தம் என்றேன். கேண்டீனில் சாப்பிட்டீர்களா என்றார். மீன் கறி சாப்பிட்டேன், நல்ல ருசி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அப்படின்னா சரி சார் என்று சொல்லி, அப்போதே முனியாண்டிக்குப் போன் போட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கல்லூரியில் சுமித்ராவின் படிப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரியவந்தது. விரிவுரையாளர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றார்கள், அப்புறம் ஒருநாள் கதவில் பூட்டு. அவள் படித்த பாடங்களை வேறு எங்கும் ஏற்றுக்கொள்ளவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பி வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்தீர்கள். தீபாராதனை முடிந்து விபூதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முனியாண்டி டீச்சருக்கு முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“ஒங்கள நம்பித்தானே டீச்சர் அனுப்பினேன். நீங்க பாத்துட்டுத்தான் சொல்லுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்களே.”

டீச்சர் கையில் விபூதியோடு அப்படியே நின்றார். ஆமாம், நான்தான் சொன்னேன், என் தப்புதான் என்றார். என் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. நான் இரண்டு தூண் தள்ளி நின்றேன். பத்து அடி நடந்து வந்து, முனியாண்டி, அது நான் சொன்னது என்று சொல்லியிருக்கலாம். நான் குனிந்து என் செருப்பைத் தேடப் போனேன்.

அதற்குப் பிறகு ஊரில் என்ன பேச்சு ஓடியது என்று உங்களுக்கே தெரியும். கல்லூரிக்காரர்களிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு டீச்சர் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறார் என்று முதலில் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் காதுபடப் பேசினார்கள். நான் மறுத்தேன், சே, அப்படி எல்லாம் இருக்காது என்று மெலிதாக மறுத்தேன். மறுக்காமல் இருப்பதைவிட அது மோசம். அடுத்த விழாவில் செருப்பு அடுக்குப் பக்கம் மேசை போட்டோம், இரண்டே பேர் வந்தார்கள். டீச்சர் விழா முடியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மேசையை மடக்கி, தானே தூக்கிக்கொண்டு போய் அன்னதானக் கூடத்தில் வைத்தார். நான் தூக்க வந்தபோது, பரவாயில்லை சார் என்றார்.

சனிக்கிழமைப் பயணத்தை மட்டும் அவர் விடவில்லை. முழங்கால் வலியோடு போனார். துணைக்கு நானும் போனேன். பிராயச்சித்தம் என்று அதற்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன் போலும். ஒருமுறை பாகான் நக்கோடா ஓமாருக்குப் போனோம். ஒரு சின்னத் தொழில்திறன் கழகத்தில் இயந்திரம் பழுதுபார்க்கப் படித்த பையன் அங்கே மீன்பிடிப் படகு இன்ஜின் பார்க்கிறான், அவனை நேரில் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம். கையெல்லாம் கிரீஸ். படிப்பு உபயோகமாக இருந்ததா என்று டீச்சர் கேட்டார். பாதி உபயோகம், மீதியை இங்கே வந்துதான் கத்துக்கிட்டேன் என்றான். அந்தப் பதிலில் டீச்சருக்கு அவ்வளவு திருப்தி. பொய் சொல்லலை பாருங்க என்றார் என்னிடம்.

திரும்பும் பஸ்ஸில் சபாக் பெர்ணம் தாண்டி நெல்வயல் வந்தது. டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“சார், அந்தக் காலேஜ் கேண்டீன்ல மீன் கறி நல்லாருந்துச்சின்னு சொன்னீங்க. பின்னால நானே போயி பாத்தேன். அங்க கேண்டீனே இல்ல சார். கீழ ஒரு டயர் கடதான் இருக்கு.”

அப்படியென்றால் கோயிலில் முனியாண்டி முன்னால் நின்ற அன்றைக்கே அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டேன். சுமித்ரா திரும்பி வந்த வாரத்திலேயே போய்ப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பின் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லியிருக்கலாம் சார், அவ்வளவுதான் என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். “போகாம சொல்லக்கூடாதுன்னு விதி வெச்சது நானு. போகாம போன் போட்டதும் நானுதானே.” தஞ்சோங் காராங்கில் யாரோ ஏறி எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து வணக்கம் சொன்னார்கள். டீச்சர் அவர்களோடு சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தப் பேச்சு எங்களுக்குள் மறுபடியும் வரவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமை கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன், இப்போது கேட்க ஆளில்லை.

தகனம் முடிந்து மூன்றாம் நாள் முனியாண்டி என் வீட்டுக்கு வந்தார். கையில் சின்ன மகளின் முடிவுத்தாள், ஒரு புரோஷர். நான்கு கிரெடிட். டீச்சர் கேட்டபடி அவரிடம் காட்ட எடுத்து வைத்திருந்தார்களாம். கோயிலில் பேசிவிட்ட பிறகு டீச்சரிடம் தான் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்றும், ஆனால் டீச்சர் லயத்துக்கே வந்து சுமித்ராவிடம் மன்னிப்புக் கேட்டார் என்றும், அதன் பின் மாதம் ஒருமுறையாவது மீன் கடைக்குப் போய் அவளைப் பார்ப்பார் என்றும் முனியாண்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்பவும் படிக்க வைக்கிறேன் என்று டீச்சர் எத்தனையோ தடவை கூப்பிட்டும், போதும் டீச்சர் என்று சுமித்ரா மறுத்துவிட்டாளாம். பிறகு புரோஷரை என் பக்கம் தள்ளினார்.

“டீச்சரோட கூட நீங்கதான் சார் போவீங்க. இந்த எடம் எப்படி? போயி பாத்தீங்களா?”

அதே கேள்வி. இந்த முறை கேட்டவர் யார் என்று பாருங்கள். “இல்ல முனியாண்டி, பாக்கல” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், அதுவே உண்மைதான். நிறுத்தவில்லை. “சுமித்ராவோட காலேஜையும் நான் பாக்கல. பாத்தேன்னு டீச்சர்கிட்ட பொய் சொன்னேன். அவுங்க என்னை நம்பித்தான் ஒங்களுக்குப் போன் போட்டாங்க.”

முனியாண்டி அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலாம் போலிருந்தது. “டீச்சரக் கோயில்ல வெச்சி நான்...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. என் மனைவி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு முடிவுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். சனிக்கிழமை நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். குரலை உயர்த்தாமல்தான் பதில் சொன்னார்.

“நீங்க போவ வேணாம் சார். நானே போறேன். டீச்சர் அங்க என்னென்ன கேப்பாங்கன்னு மட்டும் எழுதிக் குடுங்க. சுமித்ராகிட்ட நீங்களே போயி சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

மறுநாள் காலை பாசிர் பெனம்பாங் போனேன். அந்த வரிசைக்குப் போனேன். சுமித்ரா ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இறாலைப் பெரிது சிறிது பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், மழை, மீன் கறி. அவள் கை நிற்கவே இல்லை. நான் முடித்த பிறகும் ஒரு கூடை இறாலைப் பிரித்துப் போட்டாள். பிறகுதான் கேட்டாள்.

“அப்ப டீச்சர் ஏன் சார் என்கிட்ட வந்து மன்னிப்பு கேட்டாங்க?”

பஸ்ஸில் டீச்சர் சொன்னதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதைச் சொன்னால் நான் பாதி தப்பித்துக்கொள்வது போல ஆகிவிடும். முனியாண்டிக்காக எழுதிய தாளை நீட்டினேன். அவள் கையைத் துடைத்து வாங்கி, கடைசி வரை படித்தாள், மடித்து ஏப்ரனுக்கு உள்ளே நனையாத இடத்தில் வைத்துக்கொண்டாள். அடுத்த கூடையை இழுத்துக்கொண்டாள்.

டீச்சரைப் பற்றித் தவறாகப் பேசிய அத்தனை பேருக்கும் சொல்கிறேன். அவர் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. அவர் பெயர் கெட்டது என்னால். பெயர் கெடட்டும் என்று விட்டவனும் நான். இனி என்னிடம் யாரும் கல்லூரி பற்றிக் கேட்டு வர வேண்டாம். மேசையை மறுபடி போட நினைப்பவர்கள் போடுங்கள், நாற்காலி தூக்க மட்டும் வருகிறேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் கேட்கும் கேள்விகள்தான். சுமித்ராவிடம் கொடுத்த தாளில் இருந்ததை அப்படியே கீழே எழுதிவிடுகிறேன், யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்துக்கு முதலில் போகாதீர்கள். அங்கே படிக்கும் பிள்ளையிடம், இந்த வாரம் எத்தனை வகுப்பு நடந்தது என்று கேளுங்கள். இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு, கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முடித்தவர் ஒருவர் பெயரை வாங்கிக்கொண்டு அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போங்கள். கழிவறைக் குழாயைத் திறந்து பாருங்கள். மகளைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். கேண்டீன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.